மரத்தைக் குடையும் புழு எது? நீளக்கொம்பு வண்டுப் புழுவை இனம் காணும் முறை

நெற்பயிரில் பூச்சி விழுந்தால் ஒரு போகத்து மகசூல் கெடும். அடுத்த போகத்தில் ஓரளவு ஈடு செய்து கொள்ளலாம். ஆனால் பதினைந்து, இருபது வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மாமரத்தின் தண்டில் புழு புகுந்து மரம் பட்டுப் போனால், அதே இடத்தில் இன்னொரு மரம் காய்ப்புக்கு வர மறுபடியும் பல வருடங்கள் காத்திருக்க வேண்டும். பத்து மரம் மட்டுமே வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு ஒரு மரம் போவது பெரிய நஷ்டமாகும்.

மரத்தைக் குடையும் பூச்சிகளில் முக்கியமானவை நீளக்கொம்பு வண்டுகள். தலையிலுள்ள இரண்டு உணர்கொம்புகளும் பெரும்பாலான இனங்களில் உடலின் நீளத்துக்கு, சிலவற்றில் அதற்கும் மேலாக, நீண்டிருப்பதால் இப்பெயர் வந்தது. வண்டைக் கண்டால் எவரும் எளிதில் அடையாளம் கண்டு விடலாம். ஆனால் வண்டு வெளியில் இருப்பது சில வாரங்கள் மட்டுமே. ஏனைய மாதங்கள் முழுவதும் அது புழுவாக மரத்துக்குள் மறைந்திருந்து சேதம் செய்கிறது. எனவே விவசாயி தெரிந்து கொள்ள வேண்டியது புழுவின் அடையாளத்தையே ஆகும்.

மரத்துக்குள் இருக்கும் புழுவெல்லாம் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பட்டையை மட்டும் தின்னும் புழுவுக்காக மரத்தை உளியால் வெட்டிப் புண்ணாக்குவோரும் உண்டு. உள்ளே நடுத்தண்டு வரை குடையும் புழுவுக்கு வெளியில் மட்டும் மருந்து தெளித்து, பணத்தை வீணாக்குவோரும் உண்டு. இரண்டையும் தவிர்க்க, முதலில் புழு எது என்று தெரிய வேண்டும்.

நீளக்கொம்பு வண்டுப் புழுவின் அடையாளங்கள்

தண்டிலிருந்து எடுத்த புழுவை ஒரு பலகையின் மேலோ, வெள்ளைக் காகிதத்தின் மேலோ வைத்துக் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

நிறம்: பால் வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள். உடல் மிருதுவாகவும் சதைப்பற்றுடனும் இருக்கும். கணுக்கணுவான வளையங்கள் நன்றாகத் தெரியும்.

தலை: சிறியது. பாதிக்கு மேல் மார்புக்குள் இழுத்துக் கொண்டிருக்கும். வெளியில் தெரிவது கறுத்த, உறுதியான தாடைகளே. பச்சை மரத்தை அறுக்கும் கருவி இந்தத் தாடைகள்தான்.

மார்பு: தலையை அடுத்த முதல் வளையமே உடலில் அகலமான பாகம். அதன் முதுகில் மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில் கெட்டியான ஒரு தகடு இருக்கும். அங்கிருந்து வால் வரை உடல் சிறிது சிறிதாக ஒடுங்கும்.

கால்கள்: மாமரத்துப் புழுவுக்குக் கால்களே இல்லை. வேறு சில இனங்களில் இருந்தாலும் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு மிகச் சிறியவை.

முதுகு மேடுகள்: வயிற்றுப் பகுதி வளையங்களில் முதுகுப் புறமும் அடிப்புறமும் சொரசொரப்பான சிறு மேடுகள் இருக்கும். காலில்லாத இப்புழு இந்த மேடுகளைத் துளையின் சுவரில் ஊன்றித்தான் முன்னும் பின்னும் நகர்கிறது. துளையை விட்டு வெளியே பலகையில் வைத்தால் ஊர்ந்து செல்ல முடியாமல் நெளிந்து கொண்டு கிடக்கும்.

இந்த ஐந்தும் ஒன்றாகப் பொருந்தினால் அது நீளக்கொம்பு வண்டின் புழு என்று கொள்ளலாம்.

தவறாக எண்ணப்படும் மற்றப் புழுக்கள்

பட்டை தின்னும் புழு: மா, கொய்யா, முருங்கை, இலந்தை, பலா முதலிய மரங்களில் காணப்படும். இது ஓர் அந்துப்பூச்சியின் புழு. தலைக்குப் பின் மூன்று ஜோடிக் கால்களும், வயிற்றில் சதைக் கால்களும் உண்டு. பலகையில் வைத்தால் வேகமாக ஊர்ந்து ஓடும். தண்டின் மேல் மரத்தூளும் எச்சமும் நூலாம்படையும் கலந்த நாடா போன்ற கூரை ஒன்றைப் பின்னியிருக்கும். பகலில் சிறு துளையில் ஒளிந்திருந்து, இரவில் அந்தக் கூரையின் அடியில் வந்து பட்டையைத் தின்னும். கூரையைத் துடைத்தெடுத்து, துளையில் கம்பியைச் செருகிப் புழுவைக் குத்திக் கொன்றால் பெரும்பாலும் போதும். மரத்தை வெட்ட வேண்டியதில்லை.

பொன்வண்டு இனப் புழு: சிறுவர்கள் தீப்பெட்டியில் அடைத்து விளையாடும் பொன்வண்டின் குடும்பத்தைச் சேர்ந்த சில வண்டுகளின் புழுக்களும் மரத்தைக் குடையும். இவற்றுக்கும் கால் கிடையாது, நிறமும் வெள்ளை. ஆகையால் ஏமாறுவது எளிது. ஆனால் மார்பு படம் எடுத்த பாம்பைப் போலத் திடீரென்று அகன்று தட்டையாக இருக்கும். அதற்குப் பின்னுள்ள உடல் குறுகி நாடா போல நீண்டிருக்கும். அது குடைந்த துளையும் தட்டையாக இருக்கும். இவை பெரும்பாலும் ஏற்கனவே நலிந்த மரங்களையே தேடி வரும்.

சிவப்புக் கூன்வண்டுப் புழு: தென்னையிலும் பனை இனங்களிலும் காணப்படும். காலில்லாவிட்டாலும், நடு உடல் பருத்து இரு முனைகளும் ஒடுங்கியிருக்கும். செம்பழுப்புத் தலை முழுவதும் வெளியே தெரியும்.

காண்டாமிருக வண்டுப் புழு: எருக்குழியில் கிடைக்கும் பெரிய வெள்ளைப் புழு. உடல் அரிவாள் போல வளைந்திருக்கும். மூன்று ஜோடிக் கால்கள் நன்றாகத் தெரியும். இது மக்கிய குப்பையில் வாழ்வது. பச்சை மரத்தண்டைக் குடையாது.

சிவப்புத் தண்டுத் துளைப்பான்: காப்பி போன்ற செடிகளின் கிளைகளில் இருக்கும். சிவந்த நிறமும் கால்களும் உள்ள அந்துப்பூச்சிப் புழு. உருண்டை உருண்டையான எச்சத்தைத் துளை வழியே தள்ளும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். விறகுக் கட்டையிலும் வீட்டுக் கதவுச் சட்டத்திலும் காணும் நீளக்கொம்பு வண்டுப் புழுவெல்லாம் தோட்டத்துப் பகையல்ல. காய்ந்த மரத்தை மட்டுமே தின்னும் இனங்கள் பல உண்டு. அவை பச்சை மரத்துக்கு வருவதில்லை.

மாமரத் தண்டுத் துளைப்பான்

இதன் விஞ்ஞானப் பெயர் பேட்டோசெரா ரூஃபோமாகுலேட்டா. மாவைத் தவிர பலா, அத்தி, ரப்பர், இலவம் ஆகிய மரங்களையும் தாக்கும். வண்டு ஏறத்தாழ 5 செ.மீ. நீளமுள்ளது, சாம்பல் கலந்த பழுப்பு நிறம். மார்பின் மேல் மொச்சைக் கொட்டை வடிவில் இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள் இருக்கும். மார்பின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு முள் உண்டு.

பெண் வண்டு பட்டையைக் கடித்துக் கீறி, அதில் ஒவ்வொரு முட்டையாக இடும். பட்டை வெடிப்புகளிலும், காயம் பட்ட இடங்களிலும் இடுவதுண்டு. இரண்டு வாரத்துக்குள் முட்டை பொரியும். இளம் புழு முதலில் பட்டைக்கு அடியில் தின்று, பின்னர் தண்டினுள் புகுந்து வளைந்து வளைந்து குடையும். முழு வளர்ச்சி அடைந்த புழு 8 முதல் 10 செ.மீ. வரை நீளமாக, ஆள்காட்டி விரல் பருமன் இருக்கும். உள்ளேயே கூட்டுப்புழுவாக மாறி, பருவமழைக் காலத்தில் வட்டமான துளையிட்டு வண்டாக வெளிவரும். பொதுவாக வருடத்துக்கு ஒரு தலைமுறை.

வெளியில் தெரியும் அறிகுறிகள்: தண்டிலோ பருத்த கிளையிலோ உள்ள துளையிலிருந்து நார் நாரான மரத்தூள் வெளித்தள்ளியிருக்கும். சில இடங்களில் சாறு வடிந்து பட்டை கறுத்திருக்கும். ஒரு பக்கத்துக் கிளையில் மட்டும் இலைகள் மஞ்சளாகி உதிரும். இதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எண்ணிப் பாய்ச்சிக் கொண்டே இருப்போர் பலர். தண்ணீர் போதாவிட்டால் மரம் முழுவதும் வாடும். ஒரு கிளை மட்டும் வாடினால் அந்தக் கிளையின் அடியில் துளை இருக்கிறதா என்று தேட வேண்டும்.

முந்திரித் தண்டு மற்றும் வேர்த் துளைப்பான்

கடலூர், அரியலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் முந்திரி பயிரிடுவோர் நன்கு அறிந்த பகைவன் இது. வண்டு செம்பழுப்பு நிறமுள்ளது; தலையும் மார்பும் கறுத்திருக்கும். தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் வரை தண்டின் வெடிப்புகளிலும், மண்ணுக்கு மேல் தெரியும் வேர்களிலும் முட்டையிடும்.

புழு பட்டைக்கு அடியிலுள்ள திசுக்களைத் தின்று கொண்டே மரத்தைச் சுற்றி வரும், வேருக்குள்ளும் இறங்கும். இலைகள் தயாரிக்கும் உணவு வேருக்குப் போகும் வழி இதனால் அறுபடுகிறது. அடித்தண்டில் சிறு துளைகள், அவற்றில் பிசின் வடிதல், பிசினோடு கலந்த மரச்சக்கை ஆகியவை முதல் அறிகுறிகள். இலை மஞ்சளாவதும் உதிர்வதும் நுனிக்கிளை காய்வதும் அதற்குப் பிறகே. ஆகவே முந்திரியில் மேலே பார்ப்பதைவிட அடிமரத்தைப் பார்ப்பது மேல்.

இந்தப் புழுவுக்கே உரிய தெளிவான அடையாளம் ஒன்று உண்டு. முழுதும் வளர்ந்த புழு, கூட்டுப்புழுவாகும் முன் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பாலான ஒரு கூட்டைக் கட்டிக் கொள்ளும். அடித்தண்டையோ வேரையோ பிளக்கும்போது, முட்டை ஓடு போல வெளுத்த, கெட்டியான கூடு கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு கூட்டை நசுக்கினால் ஒரு வண்டைத் தடுத்ததாகும்.

காப்பி, திராட்சை, மல்பெரி

சேர்வராயன் மலை, கீழ்ப்பழனி மலை, நீலகிரி ஆகிய இடங்களில் அராபிகா காப்பியைத் தாக்குவது வெள்ளைத் தண்டுத் துளைப்பான். ரொபஸ்டா காப்பி இதற்குப் பெரும்பாலும் ஈடு கொடுக்கும். வண்டு 1 முதல் 2 செ.மீ. நீளத்தில் கறுப்பாக, வெள்ளைப் பட்டைகளுடன் இருக்கும். இதன் புழு தான் குடைந்த வழியைத் தன் எச்சத்தாலேயே இறுக அடைத்துக் கொண்டு போவதால், வெளியில் மரத்தூள் தெரியாது. தூள் இல்லை என்று நம்பி இருந்து விடக் கூடாது. தண்டின் பட்டையில் நரம்பு புடைத்தது போன்ற வரப்புகள் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். வண்டுகள் ஏப்ரல்–மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பறக்கும். ஆகவே மார்ச்சிலும் செப்டம்பரிலும் செடி செடியாகப் பார்த்து, தாக்கப்பட்டவற்றை வேரோடு எடுத்து எரித்து விட வேண்டும். வெயில் விழும் செடிகளையே வண்டு நாடுவதால், நிழல் மரங்களைக் காப்பது மருந்தைவிட மேலான பாதுகாப்பு.

திராட்சை, மல்பெரி, ரோஜா ஆகியவற்றில் வேறொரு விந்தையைக் காணலாம். கிளையைச் சுற்றிக் கத்தியால் வளையம் போட்டது போலப் பட்டை அறுபட்டிருக்கும். அதற்கு மேலுள்ள பகுதி காய்ந்து போகும். யாரோ வேண்டாதவர் வெட்டி விட்டதாக அண்டை வீட்டாரைச் சந்தேகிப்பதும் உண்டு. இது மரப்பட்டை நிறமுள்ள ஒரு நீளக்கொம்பு வண்டு இரவில் செய்யும் வேலை. காய்ந்த அந்தப் பாகத்தில்தான் முட்டையிடும். புழு அங்கேயே வளரும். வளையத்துக்குக் கீழே சேர்த்து அறுத்து எரித்தால் வேலை முடிந்தது. அறுத்த கிளையை வேலியோரம் போட்டு வைப்பது வண்டை வளர்ப்பதாகும்.

உயிருள்ள துளையைக் கண்டு பிடித்தல்

பழைய மரத்தில் பல துளைகள் இருக்கும். எல்லாவற்றிலும் புழு இருக்காது. மாலையில் மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கி, துளை வாயில் உள்ள தூளையும் துடைத்து விடவும். மறுநாள் காலை எந்தத் துளைக்கு நேரே புதிய தூள் விழுந்திருக்கிறதோ அதில் புழு உயிரோடு இருக்கிறது. புதிய தூள் ஈரமாகவும் வெளிர் நிறமாகவும் இருக்கும். பழையது காய்ந்து கறுத்திருக்கும். அமைதியான இரவில் காதைத் தண்டில் வைத்தால் பெரிய புழு மரத்தைக் கறும்பும் ஓசையும் சில சமயம் கேட்கும். மரங்கொத்தி அடிக்கடி வந்து கொத்தும் இடத்தையும் கவனிக்கவும்.

மாதிரி எடுத்துச் செல்லுதல்

புழு எதுவென்று முடிவு செய்ய இயலாவிட்டால் அதை நசுக்காமல் எடுக்கவும். உயிரோடு கொண்டு போவதானால், ஒரு டப்பாவில் அதே மரத்தூளைப் போட்டு அதில் ஒரே ஒரு புழுவை வைக்கவும். இரண்டைச் சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று கடித்து விடும். சில நாள் தாமதமாகும் என்றால், கொதித்து இறக்கிய நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துப் பிறகு சாராய ஸ்பிரிட்டில் வைக்கலாம். அப்படிச் செய்தால் புழு கறுத்து அழுகாது. துளையுள்ள ஒரு மரத்துண்டு, சிறிது மரத்தூள், எந்த மரம், என்ன வயது, எந்த மாதம், தண்டின் எந்த உயரம் என்ற விவரங்கள் ஆகியவற்றையும் சேர்த்து வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்திலோ, மாவட்டத்திலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ காட்டவும்.

கட்டுப்படுத்தும் முறை

1. கொக்கி போல முனை வளைத்த கெட்டிக் கம்பியை, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியானாலும் சரி, உயிருள்ள துளையில் செலுத்திப் புழுவை இழுத்தெடுக்கவும். கம்பி நுனியில் பால் போன்ற ஈரம் ஒட்டி வந்தால் புழு குத்துப்பட்டது என்று அறியலாம். துளை வளைந்து சென்றால் உளியால் துளையின் போக்கிலேயே சிறிதளவு செதுக்கிப் பார்க்கவும். மரத்தைச் சுற்றிப் பட்டையை எடுத்து விடக் கூடாது. அது புழு செய்யும் வேலையை நாமே செய்வதாகும்.

2. புழுவை எடுத்த பின் துளையைக் களிமண்ணால் அடைத்து விடவும். செதுக்கிய புண்ணில் போர்டோ பசை தடவவும். மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது இதன் அளவு. துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே பாதிப் பாதித் தண்ணீரில் கரைத்து, பிறகு கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. பளபளப்பான அரிவாள் முனையைப் பசையில் அமிழ்த்தி எடுக்கும்போது செம்பு நிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்கவும்.

3. பத்து நாள் கழித்து மறுபடியும் அடிமரத்தைப் பெருக்கிச் சோதிக்கவும். புதுத்தூள் விழுந்தால் இன்னும் புழு இருக்கிறது.

4. முந்திரியில் வருடத்துக்கு 3 முறை, அதாவது ஜனவரி–பிப்ரவரி, மே–ஜூன், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில், 5 சத வேப்பெண்ணெய்க் கரைசலை அடிமரத்தில் 1 மீட்டர் உயரம் வரையிலும் வெளியில் தெரியும் வேர்களிலும் பூசலாம். 1 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் சேர்க்க வேண்டும்.

5. முந்திரியில் தண்டின் சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை கெட்டு, இலைகளும் மஞ்சளாகி விட்டால் அந்த மரம் பிழைப்பதரிது. மனம் கேட்காமல் இன்னும் ஒரு காய்ப்புப் பார்க்கலாம் என்று விட்டு வைப்பவர், அதிலிருந்து வெளிவரும் வண்டுகளைப் பக்கத்து மரங்களுக்கு அனுப்புகிறார். அதை வேரோடு தோண்டி எடுத்து உடனே எரிக்க வேண்டும். அடிக்கட்டையை மண்ணில் விட்டாலும், விறகாக அடுக்கி வைத்தாலும் பயனில்லை. புழு அதிலேயே வளர்ந்து வண்டாகி விடும்.

பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம்

பல வீடுகளில் அப்பா, தாத்தா காலத்துக் குறிப்பேடுகளும் பத்திரிகை நறுக்குகளும் இருக்கும். அவற்றில் பி.எச்.சி. தூள் தூவவும், கார்பரில் பூசவும், மோனோகுரோட்டோபாஸ் மருந்தைப் பஞ்சில் நனைத்துத் துளையில் வைக்கவும் சொல்லியிருக்கும். அன்றைக்கு அது சிபாரிசு. இன்று நிலைமை வேறு. பி.எச்.சி. 1997-லும், கார்பரில் 2018-லும் தடை செய்யப்பட்டு விட்டன. காய்கறிகளில் மோனோகுரோட்டோபாஸ் பயன்படுத்த 2005-லேயே தடை வந்தது. 2023-ல் அதன் 36 சதத் திரவ மருந்தையே மத்திய அரசு தடை செய்தது. எங்காவது மூலையில் பழைய புட்டி இருந்தாலும் எடுக்க வேண்டாம். தண்டில் ஏற்றும் இத்தகைய விஷம் சாற்றோடு இலைக்கும் காய்க்கும் போகக்கூடியது. முருங்கையில் வைத்தால் அது நம் வீட்டுக் குழம்புக்கே வரும்.

தானியக் கிடங்கில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் துளையில் வைப்பதும் ஆபத்தானது. ஈரம் பட்டவுடன் உயிரைக் கொல்லும் வாயுவை அது வெளிவிடும். பயிற்சியும் அனுமதியும் இல்லாதவர்கள் அதைத் தொடவே கூடாது. வீட்டிலும் வைத்திருக்கக் கூடாது. மருந்து அவசியம் என்று தோன்றினால், புழுவை அலுவலரிடம் காட்டி, அந்தப் பயிருக்கு இன்றைக்கு அனுமதிக்கப்பட்டது எதுவென்று எழுதி வாங்கிக் கொண்டு கடைக்குப் போகவும்.

செலவில்லாத காவல்

மாதம் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும். தூள் உண்டா, பிசின் உண்டா, பட்டை வெடித்திருக்கிறதா என்று கவனிக்கவும். உழும்போது கொழு பட்டுத் தண்டில் காயம் ஏற்படாமல் பார்த்துக் கொள்ளவும். காய்ந்த கிளைகளை உடனுக்குடன் அறுத்து அப்புறப்படுத்தவும்.

இளம் புழுவாகப் பட்டைக்கு அடியில் இருக்கும்போது கண்டு கொண்டால் ஒரு பேனாக் கத்தியே போதும். நடுத்தண்டுக்குள் போன பிறகு உளியும் கம்பியும் வேண்டும். அதையும் தவற விட்டால் கோடரிதான் வேண்டியிருக்கும். இந்த வாரமே தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு மரத்தின் அடியையும் பெருக்கி வைத்து, மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள்.